அகமே புறம்: மனம் பற்றிய தமிழ்ச் சொல்வழக்கும் மும்பைத் தமிழரும்

1. முன்னுரை

கை, கால், கண் என்பன போன்ற சொற்கள் காட்சிக்குரிய பொருள்களைச் சுட்டுவன. மனத்தையும் அதன் நிலைகளையும் சுட்டும் சொற்கள் அத்தகையன அல்ல. காண இயலாத ஒன்றைக் குறிக்க வந்தமையால், அவை ஒவ்வொரு காலத்தும் அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தைத் தம்முள் தேக்கி வைத்துள்ளன. ஒரு சமுதாயம் மனத்தை எவ்வாறு விளங்கிக் கொண்டது என்பதை அறிய மெய்ப்பொருள் நூல்கள் மட்டும் போதா. நாள்தோறும் வழங்கும் சொற்களும் சான்றாகும்.

இச்சான்று ஏட்டளவில் நிற்பதன்று. உடல் நோயைக் குருதிச் சோதனையாலும் ஒளிப்படத்தாலும் கண்டறியும் மருத்துவர், மனத்தின் நோயைப் பெரும்பாலும் நோயாளி கூறும் சொற்களைக் கொண்டே கண்டறிகிறார். நோயாளி ஒரு மொழியிலும் மருத்துவர் வேறொரு மொழியிலும் பேசும் நகரத்தில் சொல்லின் பொருள் பிழைபடின் மருத்துவமும் பிழைபடும். தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மும்பை அத்தகைய நகரமாகும். மனமும் நல்வாழ்வும் பற்றிய பொதுமக்கள் கருத்துகள் 20ஆம் நூற்றாண்டில் தமிழில் எவ்வாறு சொல் வடிவம் பெற்றன, அச்சொற்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு எவ்வகையில் பயன்படுகின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வ.உ. சிதம்பரம் பிள்ளையின் மொழிபெயர்ப்பு நூல்கள் இவ்வாய்வின் மையமாக அமைகின்றன.

2. மூவகைச் சொற்கள்

மனத்தைக் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம். முதலாவது அடுக்கு உடலை இடமாகக் கொண்டது. நெஞ்சு, உள்ளம், அகம் ஆகிய சொற்கள் இவ்வடுக்கைச் சார்ந்தவை. உள்ளம், அகம் என்பன உள்ளிடத்தைச் சுட்டும் பொருளிலிருந்து மனத்தைச் சுட்டும் பொருளுக்கு விரிந்தவை. நெஞ்சு என்பது இன்றும் மார்பையும் மனத்தையும் ஒருங்கே குறிக்கிறது. வயிறு எரிதல், அடிவயிறு கலங்குதல், ஈரக்குலை நடுங்குதல் ஆகிய தொடர்களில் உணர்ச்சி உடலுறுப்பின் நிகழ்வாகவே கூறப்படுகிறது. அகப்பொருள் மரபில் நெஞ்சு என்பது தன்னின் வேறான ஒரு துணையாகவும் கருதப்பட்டது. தலைமக்கள் அதனை விளித்துப் பேசுவர். திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் இதன்பொருட்டே அமைந்தன.

இரண்டாவது அடுக்கு சமய, தத்துவ நூல்களின் வழியே வேரூன்றியது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணம் நான்கென்பது சைவ சித்தாந்தப் பாகுபாடு. இவற்றுள் மனம் என்னும் சொல் தொல்காப்பியத்திலேயே இடம்பெற்றுள்ளது. மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்குமிடத்து, ஐம்பொறி அறிவுக்கு மேற்பட்ட ஆறாவது அறிவாக மனத்தைக் கூறுகிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் புறத்தே வெளிப்படும் உணர்வுகளாக விளக்குகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றும் என்னும் கருத்துத் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்னும் பழமொழியும் இக்கருத்தினதே.

மூன்றாவது அடுக்கு 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். மனோதத்துவம், மனோவசியம், உளவியல், அடிமனம், மனநலம், மன அழுத்தம் முதலிய சொற்கள் மேலைநாட்டு உளவியலைத் தமிழில் கூற எழுந்தவை. மனோதத்துவம் என்பது உளவியல் எனத் திரிந்ததில் தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கைக் காணலாம். அவ்வியக்கத்தின் முதல்வரான மறைமலையடிகள் (1876-1950) மனத்தின் ஆற்றல் குறித்துப் பொதுமக்களுக்கென நூல்கள் பல எழுதினார். ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’ (1922), ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’ (1927), ‘தொலைவில் உணர்தல்’ (1935) ஆகியன அவற்றுள் சில. அறிதுயில் என்பது திருமாலின் துயிலைக் குறித்த பழஞ்சொல். அதனை ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த வசியத் துயிலுக்கு அடிகளார் பயன்கொண்டார். அந்நூற்பெயர்கள் சிலவற்றில் அல்லது என்னும் சொல்லின் இருபுறமும் வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் நிற்பது, கலைச்சொல் ஒன்று இடம் மாறும் காலத்தை நமக்குக் காட்டுகிறது.

இம்மூன்று அடுக்குகளும் ஒன்றையொன்று அழிக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஒரே மனிதர் ஒரே நாளில் நெஞ்சு படபடக்கிறது, புத்தி வேலை செய்யவில்லை, டென்ஷனாக இருக்கிறது என மூவகையாகவும் பேசுவார்.

3. சிறையில் பிறந்த நூல்

மனமே வாழ்வை ஆக்குகிறது என்னும் கொள்கையைத் தமிழில் முதன்முதல் பரவலாக அறியச் செய்தவர்களுள் வ.உ.சி. முதன்மையானவர். 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் வாங்கும் முயற்சியில் அவர் பம்பாய்க்குச் சென்று வந்தமை அவர் வரலாற்றில் நன்கறியப்பட்ட நிகழ்ச்சி. 1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கைதாகி, ஜூலை 7ஆம் நாள் ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

இக்காலத்தில் அவர் கையில் எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் சிறு நூல். 1864இல் லெஸ்டர் நகரில் பிறந்த ஆலன் செல்வக் குடியினர் அல்லர். வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொல்லப்பட்டதால், 15 வயதிலேயே படிப்பை விடுத்து உழைக்க நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய நூல்கள் உலகெங்கும் பரவின. ஆலன் இறந்த 1912 ஜனவரியில் வ.உ.சி. கண்ணூர்ச் சிறையில் இருந்தார்.

ஆலனின் நூல்கள் நான்கினை வ.உ.சி. தமிழாக்கினார். அவை ‘மனம்போல வாழ்வு’ (1909), ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’ (1916), ‘சாந்திக்கு மார்க்கம்’ (1934) என்பனவாம். முதல் நூலுக்கும் இறுதி நூலுக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்துள்ளது. 1936 நவம்பர் 18ஆம் நாள் மறையும் வரை வ.உ.சி. வறுமையிலேயே வாழ்ந்தார். எனவே இம்மொழிபெயர்ப்பு சிறைப்பொழுதைக் கழிப்பதற்கான முயற்சியன்று. வாழ்நாள் ஈடுபாடு எனலாம்.

4. பெயரிடுதலில் வெளிப்படும் மொழிநுட்பம்

இந்நூல்களின் பெயர்களே தனி ஆய்வுக்குரியன. ஆலனின் முதல் நூற்பெயர் விவிலியத்தின் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்துத் தொடர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தொடரைத் தமிழ் விவிலியம் இருதயம் என்னும் சொல்லைக் கொண்டு பெயர்த்துள்ளது. வ.உ.சி. அச்சொல்லை மேற்கொள்ளவில்லை. மனம்போல மாங்கல்யம் எனத் தமிழ் மக்கள் வழங்கும் வாழ்த்துத் தொடரின் அமைப்பில் ‘மனம்போல வாழ்வு’ எனப் பெயரிட்டார். ஆங்கிலப் பெயர் ஒரு விதியைக் கூறுகிறது. தமிழ்ப் பெயர் அவ்விதியைக் கூறுவதோடு ஒரு வாழ்த்தாகவும் ஒலிக்கிறது. அயல்நாட்டுக் கொள்கை தமிழர் வீட்டு மணவாழ்த்தின் வழியாக உள்ளே நுழைந்தது.

இரண்டாவது நூலின் ஆங்கிலப் பெயர் நெஞ்சிலிருந்து வெளிப்படுதல் என்னும் பொருளது. அதற்கு ‘அகமே புறம்’ எனப் பெயரிட்டது இன்னும் நுட்பமானது. அகம், புறம் என்பன தமிழ்ப் பொருளிலக்கணத்தின் அடிப்படைப் பாகுபாடுகள். உணர்வு வாழ்வையும் உலக வாழ்வையும் தனித்தனியே நிறுத்திய அவ்விரு சொற்களை ஏகாரத்தால் இணைத்து ஒன்றாக்கியுள்ளார் வ.உ.சி. பின்னாளில் திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்த புலமை, இப்பெயரில் முன்னரே புலப்படுகிறது. பொருளிலக்கணச் சொற்கள் தன்னல்வாழ்வு நூலுக்குப் பெயராயின.

5. கொள்கையின் இருமுகம்

ஆலனின் கொள்கை எளியது. மனிதன் தன் எண்ணங்களின் தலைவன். எண்ணங்களே குணத்தையும், குணமே சூழ்நிலையையும் ஆக்குகின்றன. மனத்தைத் தோட்டமாகவும் மனிதனைத் தோட்டக்காரனாகவும் அவர் உருவகிப்பார். எண்ணத்திற்கும் சூழ்நிலைக்கும் உள்ள தொடர்பு, எண்ணத்திற்கும் உடல் நலத்திற்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்களே உள்ளன.

இக்கொள்கைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று விடுதலை முகம். அடக்குபவனும் அடிமைப்பட்டவனும் அறியாமையில் கூட்டாளிகளே என்னும் கருத்தை ஆலன் முதல் நூலில் வற்புறுத்துகிறார். ஆங்கில அரசு சிறையிலடைத்த ஒருவர் இக்கருத்தைப் படிக்கும்போது, அது தனிமனித ஒழுக்கமாக மட்டும் தோன்றியிராது. அடிமை மனத்தை விட்டொழித்தால் அடக்குமுறை நிலைபெறாது என்னும் அரசியல் பொருளும் அதில் பொதிந்துள்ளது. உடலைச் செக்கில் பூட்டியோர் மனத்தைப் பூட்ட இயலாது என்னும் உறுதியை அந்நூல் வ.உ.சி.க்கு அளித்திருத்தல் கூடும்.

மற்றொன்று குற்றஞ்சாட்டும் முகம். அகமே புறம் எனின், ஒருவனுடைய புறவாழ்வின் கேட்டிற்கு அவனுடைய அகமே பொறுப்பு என்றாகும். வறியவன் தன் எண்ணத்தால் வறியவனானான், நோயாளி தன் எண்ணத்தால் நோயுற்றான் என்னும் முடிவுக்கு இக்கொள்கை எளிதில் இட்டுச் செல்லும். இம்முடிவை மறுக்கும் வலிய சான்று வ.உ.சி.யின் வாழ்க்கையே. அவர் மனத்தில் உறுதிக்குக் குறைவில்லை. ஆயினும் அவர் புறவாழ்வு செழிக்கவில்லை. கப்பல் நிறுவனத்தை வீழ்த்தியது அரசின் அடக்குமுறையும் வெள்ளையர் நிறுவனத்தின் போட்டியும் ஆகும். நிறுவனரின் எண்ணக் குறையன்று. நூலும் நூலைத் தமிழாக்கியவர் வாழ்வும் ஒன்றையொன்று திருத்தி நிற்கின்றன.

இம்மரபு அவரோடு முடியவில்லை. வேதாத்திரி மகரிஷி (1911-2006) 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, மனவளக்கலை என்னும் பெயரில் பயிற்சி அளித்தார். ஆழியாற்றில் அவர் அமைத்த நிலையம் அறிவுத் திருக்கோயில் எனப்படும். இப்பெயரில் அறிவு என்பது கல்வியறிவைக் குறிக்காமல் உணர்வுநிலையைக் குறிக்கிறது. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ பல தலைமுறை இளைஞர் கையில் தவழ்ந்தது. அரசியல் விடுதலைக்காகச் சிறை சென்றவர் தொடங்கிய சொல்மரபு, நூற்றாண்டின் இறுதியில் தொழில் முன்னேற்றத்தின் மொழியாயிற்று.

6. மும்பையின் மூன்று தமிழ்ப் பகுதிகள்

வ.உ.சி. பிறந்த திருநெல்வேலிச் சீமையிலிருந்தே தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழிலை ஒட்டி ஆதிதிராவிடரும் இசுலாமியரும் அங்கே குடியேறினர். பின்னர் நாடார் முதலிய பிற வகுப்பினரும் சேர்ந்தனர். மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கியது. எழுத்தர், கணக்கர், சுருக்கெழுத்தர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர் அங்கே வாழ்ந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. விடுதலைக்குப் பின் திராம்பேயில் எண்ணெய் ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் அமையவே, பொறியாளர்களும் அலுவலர்களும் அண்மையிலுள்ள செம்பூரில் பெருகினர்.

இம்மூன்று பகுதித் தமிழர்க்கும் மனம் பற்றிய சொற்கள் வெவ்வேறு வாயில்களின் வழியே வந்தன. மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் பஜனை, உபன்னியாசம், சமய நூல் விற்பனை ஆகியவை அந்தக்கரணச் சொற்களை வாழவைத்தன. மாட்டுங்காவில் தொடங்கிய கிரி டிரேடிங் ஏஜென்சி இதற்கு எடுத்துக்காட்டு. தாராவியில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சமுதாயச் சங்கம், திரைப்படம் ஆகியன வாயில்களாயின. மூன்று பகுதிகளுக்கும் பொதுவானது நகரத்தின் இந்தி. டென்ஷன் என்னும் சொல் அதன் வழியாகவும் பரவியது.

7. வருவதும் கொள்வதும்

இங்கு இலக்கணக் கூறு ஒன்றை நோக்குதல் வேண்டும். தமிழில் உணர்ச்சியை நுகர்பவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் நிற்பார். எனக்குக் கோபம் வருகிறது, அவளுக்குப் பயமாக இருக்கிறது, அவருக்கு மனசு சரியில்லை என்பன காண்க. கோபம் வருவது, மனிதர் அது வந்து சேரும் இடம். இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மராத்தியிலும் இந்தியிலும் கோபம் ஒருவருக்கு வருகிறது என்றே கூறுவர். இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பு என எமனோ 1956இல் விளக்கினார். அத்தகைய பொதுக்கூறுகளுள் இதுவும் ஒன்றாகப் பின்னர்க் கருதப்பட்டது. ஆதலின் தாராவித் தமிழர் மராத்திக்கு மாறும்போதும் இவ்வாக்கிய அமைப்பை இழப்பதில்லை.

ஆலனின் கொள்கைக்குத் தேவைப்படுவது இதற்கு மாறான அமைப்பு. அங்கே மனிதன் எழுவாய். எண்ணம் அவன் செய்யும் செயல். டென்ஷன் என்னும் சொல்லிலும் இவ்வேறுபாடு புலனாகிறது. தமிழில் ஒருவர் டென்ஷன் ஆகிறார். அது ஒரு நிலைமாற்றம். மும்பை இந்தியில் ஒருவர் டென்ஷன் எடுத்துக்கொள்கிறார். அது அவர் விரும்பினால் தவிர்க்கக்கூடிய செயல். டென்ஷன் எடுத்துக்காதே என்னும் தமிழ் வடிவம் இந்தித் தொடரோடு ஒத்துச் செல்கிறது. ஆறுதலாகக் கூறப்படும் அத்தொடரில், துன்பத்தை நீயே எடுத்துக்கொண்டாய் என்னும் குறிப்பும் உள்ளது.

இதனால் நான்காம் வேற்றுமை தமிழரைச் செயலற்றவராக்கியது எனக் கூறுதல் பொருந்தாது. இலக்கணம் சிந்தனையைச் சிறைப்படுத்துவதில்லை என்பதற்கு வ.உ.சி.யின் தமிழே சான்று. ஆயினும் மனசு சரியில்லை என்னும் தொடரில் பழி யார்மீதும் சுமத்தப்படவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. துன்புறுபவர் வெட்கமின்றிக் கூறுதற்கு அது இடந்தருகிறது.

8. மருத்துவமனையில் சொற்கள்

பம்பாய்ப் பகுதிக்கெனத் தாணேயில் 1901இல் மனநல மருத்துவமனை அமைந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை அதற்கு முன்னரே புகழ்பெற்று, ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. பைத்தியம் என்னும் ஒரே சொல்லால் எல்லா மனநோய்களையும் சுட்டும் வழக்கு, மருத்துவரை நாடுவதற்குத் தடையாயிற்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். நோய்க்கு மக்கள் இட்ட பெயர் நோயாளியை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

புதிய கலைச்சொற்களிலும் குறையுண்டு. மன அழுத்தம் என்னும் சொல் இன்றைய இதழ்களில் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. வேலைச் சுமையால் வரும் நெருக்கடியும் மன அழுத்தம். வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் நோயும் மன அழுத்தம். பின்னதற்கு மனச்சோர்வு என்னும் சொல் உண்டெனினும் இரண்டும் மயங்கியே வழங்குகின்றன. முன்னது ஓய்வால் தணியலாம். பின்னதற்கு மருத்துவம் வேண்டும். ஒரே பெயர் வழங்குவதால், நோயுற்றவர்க்கும் நல்லதையே நினை என்னும் அறிவுரை மட்டும் கிடைத்துவிடுகிறது. நெஞ்சு என்னும் பழஞ்சொல்லும் மொழிபெயர்ப்பில் இடர்ப்படும். நெஞ்சு அடைக்கிறது எனத் தமிழ்ப் பெண் ஒருவர் கூறுவதை மார்புவலி என இந்தியில் பெயர்த்தால் இதயநோயாகவும், கவலை எனப் பெயர்த்தால் மனநோயாகவும் கொள்ளப்படும். இரண்டுள் எதனையும் கேளாமல் ஒதுக்குதல் தகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவத்திற்கு நோயாளி தரும் ஒப்புதலை வரையறுக்கும்போது, செய்திகள் அவருக்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் கூறப்பட வேண்டும் என்கிறது. 2022இல் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் தொலைபேசிச் சேவை (14416) தமிழிலும் கிடைக்கிறது. சட்டம் மொழியைக் குறிப்பிட்டதோடு முறையையும் குறிப்பிட்டிருப்பது மொழியியலார் கருதத்தக்கது. அகராதிச் சொல்லைக் கூறிவிட்டால் மொழி நிறைவுறும். கேட்பவர் வழக்கில் உள்ள சொல்லால் கூறினால்தான் முறை நிறைவுறும்.

9. முடிவுரை

மனத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் உடல்வழி, தத்துவவழி, உளவியல்வழி என மூன்று அடுக்குகளாக இன்றும் ஒருங்கே வழங்குகின்றன. மனமே வாழ்வை ஆக்கும் என்னும் அயல்நாட்டுக் கொள்கையை வ.உ.சி. மணவாழ்த்தின் வடிவிலும் பொருளிலக்கணச் சொற்களிலும் தமிழாக்கினார். சிறையிலிருந்தவர்க்கு அது வலிமையாயிற்று. அதே கொள்கை வறியவர்மீதும் நோயுற்றவர்மீதும் பழியாகவும் திரும்பக்கூடியது. தாராவியின் குறுகிய அறையில் உறக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு அகமே புறம் என்பது பாதி உண்மையே. இடநெருக்கடியும் கடனும் நோயும் புறத்திலிருந்து அகத்தைத் தாக்குகின்றன; புறமும் அகமாகிறது.

எனவே மும்பைத் தமிழரிடையே மனத்துன்பத்தைக் கூற வழங்கும் சொற்களையும் தொடர்களையும் பகுதி, தலைமுறை, பால் வேறுபாட்டுடன் தொகுத்து, மராத்தி, இந்தி இணைச்சொற்களுடன் ஒரு சொற்கோவை ஆக்குதல் உடனடித் தேவையாகும். பழைய சொற்களை நினைவிற்கொண்ட மூத்த தலைமுறையினர் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். மனசு சரியில்லை என ஒருவர் கூறும்போது அவர் கூறியது இன்னதென்று மருத்துவர் அறிந்துகொள்ள அத்தொகுப்பு துணைசெய்யும்.